35 நாள் பேக்கப் இருக்கும்போது பழைய ஸ்கிரிப்ட் எதற்கு?

வாசகர் கேள்வி: மார்ச் 3, இரவு 9.10

எங்கள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், அமேசானே பராமரித்துத் தரும் தரவுத்தளச் சேவையான ஆர்டிஎஸ்ஸில் ஓடுகிறது. தானியங்கி பேக்கப் போட்டு, தக்கவைப்புக் காலத்தை 35 நாளாக வைத்திருக்கிறோம். அதற்கு மேல் தளமே அனுமதிப்பதில்லை. இது போதாதென்று வாரம் ஒருமுறை டம்ப் (தரவு முழுவதையும் ஒரு கோப்பாக எழுதி வைப்பது) எடுக்கும் பழைய ஸ்கிரிப்ட் ஒன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. யார் எழுதியது என்றுகூட இப்போது யாருக்கும் தெரியாது. அதை நிறுத்திவிடலாம் என்கிறேன், மேலாளர் தயங்குகிறார். கிளவுட் நிறுவனம் பார்த்துக்கொள்ளும் வேலையை நாம் ஏன் இரண்டாம் முறை செய்ய வேண்டும்?

மார்ச் 3, இரவு 9.45

நிறுத்தாதீர்கள். காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் உங்கள் மேலாளரின் தயக்கம் சரியானது.

35 நாள் என்பது சேர்ந்துகொண்டே போகும் இருப்பு அல்ல. முன்னால் ஒரு நாள் சேரும்போது பின்னால் ஒரு நாள் கழிகிறது. தினமும் குறித்த நேரத்தில் வட்டின் ஸ்னாப்ஷாட், அதாவது அந்தக் கணத்து நகல், எடுக்கப்படுகிறது. இடையில் நடக்கும் மாற்றங்கள் லாக் கோப்புகளாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை எஸ்3 சேமிப்பகத்துக்குப் போகின்றன. "நேற்று மாலை 4 மணி 17 நிமிடம் 30 நொடி" என்று நீங்கள் கேட்டால், அதற்கு முந்தைய ஸ்னாப்ஷாட்டை விரித்து, அதன் மேல் லாக்குகளை அந்த நொடி வரை ஓட்டித் தருவார்கள். அருமையான ஏற்பாடு, குறையே சொல்ல மாட்டேன். நேற்று நடந்த தவறுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

ஆனால் தவறு நேற்றுதான் நடந்தது என்று யார் சொன்னது?

மார்ச் 3, இரவு 10.05

இன்னொன்று. 35 என்று நீங்கள் நினைப்பது உண்மையிலேயே 35தானா என்று ஒருமுறை கன்சோலை (அமேசானின் நிர்வாகப் பக்கத்தை) திறந்து பாருங்கள். கன்சோல் வழியாக உருவாக்கினால் இயல்பாக 7 நாள். நிரல் வழியாக, அதாவது ஏபிஐ மூலம் உருவாக்கினால் 1 நாள். கிளவுட் அமைப்பைக் கோப்பாக எழுதி உருவாக்கும் கருவியான டெர்ராஃபார்மில் எழுதும்போது தக்கவைப்புக் கால வரியை விட்டுவிட்டால் 0. பூஜ்யம் என்றால் குறைந்தபட்சம் என்று பொருள் அல்ல. தானியங்கி பேக்கப்பே கிடையாது என்று பொருள். மூன்று வழிகளில் உருவாக்கிய மூன்று தரவுத்தளங்கள் ஒரே கணக்கில் அருகருகே நிற்கும்; பட்டியலில் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் பச்சையாகத் தெரியும்.

மார்ச் 4, காலை 7.30

"தவறு நேற்றுதான் நடந்தது என்று யார் சொன்னது" என்பதற்கு உதாரணம் கேட்டிருக்கிறார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

வாடிக்கையாளருக்குப் பணம் திருப்பிக் கொடுத்த பதிவுகள் ஓர் அட்டவணையில் இருந்தன. அதில் "காரணம்" என்று ஒரு நெடுவரிசை. இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கும் இரவுநேர வேலை ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார்கள். அது இரண்டு வரிகளைச் சேர்க்கும்போது, புதிய வரியில் காரணம் காலியாக இருந்தால் அந்தக் காலியைக் கொண்டே பழைய காரணத்தையும் அழித்துவிடும். எந்த எச்சரிக்கையும் வராது, எந்தப் பக்கமும் உடையாது. ஒவ்வோர் இரவும் சில நூறு வரிகள் சத்தமில்லாமல் வெறுமையாகும். காலாண்டுக் கணக்கை முடிக்க உட்கார்ந்த கணக்குப் பிரிவு கேட்டபோதுதான் தெரிந்தது. அதற்குள் அந்த வேலை தொடங்கிய தேதி 35 நாள் எல்லைக்கு வெளியே போயிருந்தது. எல்லைக்குள் இருந்த ஒவ்வொரு பேக்கப்பும் முறையாக எடுக்கப்பட்டது, முழுமையானது, சோதித்துப் பார்த்தாலும் தேறும். ஒவ்வொன்றிலும் அதே ஓட்டைகள்.

காப்பாற்றியது கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட். அட்டவணை அமைப்பை மாற்றுவதற்கு முன் எடுத்து, நீக்க மறந்துவிட்டு, வேலையை விட்டே போய்விட்டார் ஒருவர். கையால் எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்குத் தக்கவைப்புக் காலம் பொருந்தாது. நீக்கும் வரை அது இருக்கும். இதில் வேடிக்கை, செலவைக் குறைப்பதற்காக "நீக்க வேண்டிய பழைய ஸ்னாப்ஷாட்டுகள்" என்று ஒரு பட்டியல் தயாராகி இருந்தது. அதில் இதன் பெயரும் இருந்தது.

மீட்ட விதமும் சுலபமாக இல்லை. புதிய இயந்திரம் எழும்பி, "தயார்" என்று கன்சோல் காட்டியது. உடனே காலி வரிகளை எண்ணச் சொல்லி ஒரு வினவலைக் கொடுத்தோம். சாதாரணமாக நொடிகளில் முடிவது, நகரவே மறுத்தது. தயார் என்று காட்டும்போது தரவு முழுவதும் வட்டுக்கு வந்திருப்பதில்லை. நாம் தொடும் பகுதி அப்போதுதான் எஸ்3யிலிருந்து இறங்குகிறது. அது தெரியாத சக ஊழியர் வினவலை நிறுத்தி, மீண்டும் ஓட்டி, மீண்டும் நிறுத்தினார். சும்மா விட்டிருந்தால் முடிந்திருக்கும். கடைசியில் அந்த ஒரு நெடுவரிசையை மட்டும் பதிவு எண்ணோடு வெளியே எடுத்து, நடப்புத் தரவுத்தளத்தில் காலியாக இருந்த இடங்களில் மட்டும் நிரப்பினோம்.

டம்ப் இருந்திருந்தால் அந்த ஓர் அட்டவணையை மட்டும் பிரித்தெடுத்து எந்த இயந்திரத்திலும் ஏற்றியிருக்கலாம். ஸ்னாப்ஷாட் முழுசாகத்தான் வரும்.

மார்ச் 4, காலை 7.50

"ரெப்ளிகா இரண்டு இருக்கிறதே" என்பவருக்கு: ரெப்ளிகா என்பது முதன்மைத் தரவுத்தளத்தின் மாற்றங்களை உடனுக்குடன் வாங்கிக்கொள்ளும் இன்னொரு பிரதி; தவறையும் சேர்த்து நகலெடுக்கும். அட்டவணையை நீக்கும் டிராப் டேபிள் கட்டளையைக் கொடுத்தால் மூன்று இடத்திலும் அட்டவணை போய்விடும், அதுவும் பெரும்பாலும் நொடிக்குள். இயந்திரம் பழுதானால் உதவுவது ரெப்ளிகா. மனிதர் பழுதானால் உதவுவது பேக்கப்.

வேண்டுமென்றே தாமதமாக ஓடும் ரெப்ளிகா வைத்துக்கொள்ள முடியும். மைஎஸ்க்யூஎல் 5.6 முதலும் போஸ்ட்கிரெஸ் 9.4 முதலும் அதற்கு வசதி உண்டு. சில மணிநேரம் கையில் கிடைக்கும். மாதக் கணக்கில் மறைந்திருக்கும் தவறுக்கு அதுவும் ஆகாது.

மார்ச் 4, பிற்பகல் 1.20

மீட்பு என்றால் இருக்கும் தரவுத்தளமே பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். ஆர்டிஎஸ்ஸில் அப்படி நடக்காது. எப்போதும் புதிய இயந்திரம், புதிய முகவரி. செயலிகளை அந்த முகவரிக்குத் திருப்ப வேண்டும். எந்த இணைப்பை உள்ளே விடலாம் என்று தீர்மானிக்கும் விதிகளை (செக்யூரிட்டி குரூப்) நீங்கள் சொல்லாவிட்டால் இயல்பானதைப் போட்டுவிடும்; தரவு அத்தனையும் உள்ளே பத்திரமாக இருக்க, எந்தச் செயலியாலும் அதைத் தொட முடியாமல் எல்லோரும் வெளியே நிற்கும் காட்சியை ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

அமேசானின் இன்னொரு தரவுத்தளமான டைனமோடிபியிலும் இதே கதைதான். புதிய அட்டவணையாகத்தான் மீளும். தானாக அளவை மாற்றும் விதிகள், காலாவதி அமைப்பு, எச்சரிக்கை மணிகள் எதுவும் கூட வராது. கூகுள் கிளவுட் எஸ்க்யூஎல் இதற்கு நேர்மாறான ஆபத்து: அங்கே ஒரு பேக்கப்பை அதே இயந்திரத்தின் மேலேயே விரிக்க முடியும். இருப்பது அழிந்துதான் பழையது வரும். குறித்த நொடிக்குப் போவதென்றால் மட்டும் அங்கேயும் புதிய இயந்திரம்.

ஆகவே ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு தளத்துக்காரர்கள் பேசும்போது முதலில் "எதன் மேல் மீட்பீர்கள்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதிச் சண்டை குறையும்.

மார்ச் 4, பிற்பகல் 1.35

நேரம்! கன்சோலில் சில இடங்களில் உள்ளூர் நேரம், கட்டளைகளில் யுடிசி (உலகப் பொது நேரம்). மீட்க வேண்டிய நொடியைக் குறிக்கும்போது எந்த நேரம் என்று காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு தட்டச்சு செய்யுங்கள். தரவு அழிந்து ஐந்து மணிநேரம் கழிந்த பிறகான நேரத்தைக் கொடுத்து மீட்டு, "பேக்கப்பே கெட்டுப்போயிருக்கிறது" என்று அலறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 5, இரவு 8.40

முதல் குறிப்பில் எத்தனை நாள் என்பதைப் பற்றியே பேசினேன். எங்கே இருக்கிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி என்று இப்போது தோன்றுகிறது.

ஆர்டிஎஸ்ஸில் இயந்திரத்தை நீக்கும்போது "தானியங்கி பேக்கப்புகளை வைத்துக்கொள்" என்று குறிக்காவிட்டால் அவையும் சேர்ந்து போய்விடும். குறித்திருந்தாலும் அவற்றின் வயது ஓடிக்கொண்டே இருக்கும். 35ஆம் நாள் முடிந்தால் முடிந்தது. கடைசி ஸ்னாப்ஷாட் வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். அதற்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது? தரவுத்தளமும் அதன் பேக்கப்பும் ஒரே கணக்கில், ஒரே அனுமதியின் கீழ் இருக்கும்வரை ஒரே கை இரண்டையும் அழிக்கும்.

அது கற்பனை அல்ல. 2014 ஜூனில் கோட் ஸ்பேஸஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் ஒருவர் புகுந்து பணம் கேட்டு மிரட்டினார். அவரை வெளியேற்ற முயன்றபோது வட்டுகள், ஸ்னாப்ஷாட்டுகள், எஸ்3 கோப்புகள் எனப் பெரும்பகுதியை நீக்கிவிட்டார். பேக்கப்பும் அதே பலகையின் கீழ்தான் இருந்தது. நிறுவனத்தையே மூடினார்கள். 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் முழுதும் அழிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் போனது. முதலாவதில் அனுமதி ஒன்று, இரண்டாவதில் இடம் ஒன்று.

எனவே உங்கள் டம்ப் கோப்புகள் எங்கே போய் விழுகின்றன என்று பாருங்கள். அதே கணக்கின் எஸ்3 என்றால், நான் வக்காலத்து வாங்கியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வேறு கணக்கு, வேறு மண்டலம் (வேறு ஊரிலுள்ள தரவு மையங்கள்), எழுத மட்டும் அனுமதி, நீக்க அனுமதி கிடையாது. இந்த நான்கும் வேண்டும்.

மார்ச் 5, இரவு 9.15

ஸ்னாப்ஷாட்டையே வேறு கணக்குக்கு நகலெடுக்கலாமே என்று ஒருவர். எடுக்கலாம், குறியாக்கச் சாவியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அமேசான் இயல்பாகத் தரும் சாவியால் பூட்டிய ஸ்னாப்ஷாட்டை இன்னொரு கணக்கோடு பகிர முடியாது. நீங்களே உருவாக்கிய சாவியாக இருக்க வேண்டும். அப்படி உருவாக்கிவிட்டால் அதையும் காக்க வேண்டும். சாவியை நீக்கச் சொன்னால் 7 முதல் 30 நாள் வரை காத்திருப்புக் காலம் வைத்திருக்கிறார்கள். அது முடிந்தபின் ஸ்னாப்ஷாட் பட்டியலில் இருக்கும், திறக்காது.

மார்ச் 6, காலை 6.50

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, "சரி, ஸ்கிரிப்டை வைத்துக்கொள்கிறோம்" என்கிறார். அவ்வளவு சீக்கிரம் சம்மதிக்காதீர்கள். அந்த ஸ்கிரிப்ட் உண்மையில் எதையாவது எடுக்கிறதா?

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் துணைச் சர்வர் என்று எண்ணி முதன்மைச் சர்வரின் தரவுக் கோப்புறையை நீக்கத் தொடங்கினார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் ஏறத்தாழ 4.5 ஜிபிதான் மிச்சம். தினசரி டம்ப்பைத் தேடிப் போனால் ஒன்றுமே இல்லை. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுத்த கருவி 9.2. பதிப்பு பொருந்தாததால் ஒவ்வொரு முறையும் பிழையோடு நின்றுகொண்டிருந்தது. பிழையைச் சொல்ல மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. அனுப்புநர் சரிபார்ப்பில் தேறாமல் அந்த மின்னஞ்சல்களும் திருப்பப்பட்டன. வேறு வேலைக்காக ஒருவர் சுமார் ஆறு மணிநேரம் முன்பு கையால் எடுத்த ஸ்னாப்ஷாட்டிலிருந்துதான் மீண்டார்கள். இடைப்பட்ட ஆறு மணிநேரத் தரவு போனது போனதுதான். இவ்வளவையும் அவர்களே வெளிப்படையாக எழுதி வைத்தார்கள். அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம்.

(கையால் எடுத்து மறந்த ஸ்னாப்ஷாட் இரண்டாம் முறையாக வருகிறது, கவனியுங்கள். திட்டமிட்டது கைவிட்டு, திட்டமிடாதது காக்கிறது. இதை ஒரு திட்டமாக்க முடியாது என்பதுதான் சோகம்.)

நேரே செய்து பார்க்க வேண்டியது இது. கடைசி டம்ப் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து வடிவ டம்ப் என்றால் கோப்பின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். போஸ்ட்கிரெஸ் "டேட்டாபேஸ் டம்ப் கம்ப்ளீட்" என்று ஒரு குறிப்பு வரியை அங்கே எழுதியிருக்கும். மைஎஸ்க்யூஎல் "டம்ப் கம்ப்ளீட்டட்" என்று எழுதும். அது இல்லையென்றால் பாதியில் நின்றிருக்கிறது. அந்த வரி இருப்பதால் மட்டும் நல்ல கோப்பு என்றும் ஆகாது. வெறும் சர்வர் ஒன்றில் ஏற்றி, முக்கியமான நான்கைந்து அட்டவணைகளின் வரிகளை எண்ணி, கடைசிப் பதிவின் தேதியைப் பாருங்கள். ஏற்றும்போதே பயனர்கள் இல்லை என்று பிழை வரும். ஒரு தரவுத்தளத்தை மட்டும் எடுக்கும் டம்ப்பில் பயனர்களும் அவர்களது உரிமைக் குழுக்களும் இருக்காது. அவற்றைத் தனியாக எடுக்க வேண்டும். இதைச் சோதனையில் கண்டுபிடித்தால் எரிச்சல், விபத்தில் கண்டுபிடித்தால் பேரிடர்.

மார்ச் 6, காலை 7.05

டம்ப்புக்கும் ஒரு பெரிய குறை உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அது எடுக்கத் தொடங்கிய கணத்தின் படம் மட்டுமே. வாரம் ஒருமுறை என்றால் ஏழு நாள் வரை இழப்பு. நொடிக்கு நொடி போகும் வசதிக்கு லாக்குகள் வேண்டும், அவை கிளவுட்டின் 35 நாளுக்குள்தான். இரண்டும் இரண்டு நோய்க்கான மருந்து. யார் ஜெயித்தது என்ற விவாதத்தை நிறுத்துவோம்.

மார்ச் 7, மாலை 6.30

"அப்படியானால் எல்லாவற்றையும் பத்து வருடம் வைத்துக்கொள்கிறேன்" என்று ஒரு குரல். மைக்ரோசாஃப்டின் அஸூர் எஸ்க்யூஎல்லில் முடியும்தான். அன்றாடப் பேக்கப் 1 முதல் 35 நாள், அதற்கு மேல் வார, மாத, ஆண்டு பேக்கப்புகளை 10 ஆண்டு வரை தனியே வைக்கலாம். ஆனால் செய்ய முடிவதற்கும் செய்ய வேண்டியதற்கும் நடுவில் சட்டம் நிற்கிறது.

2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தனியுரிமை விதிகளின்படி, ஒருவர் தன் தரவை நீக்கச் சொல்லலாம். நடப்புத் தரவுத்தளத்தில் நீக்கிவிடுவீர்கள். பழைய ஸ்னாப்ஷாட்டுக்குள் கையை விட்டு ஒரு வரியை மட்டும் எடுக்க முடியாது. பத்து வருடப் பேக்கப் என்றால் அவர் பத்து வருடம் அங்கே இருக்கிறார். என்றைக்கோ ஒரு நாள் மீட்பு நடந்தால், நீக்கியவர் அத்தனை பேரும் உயிர்த்தெழுந்து, அடுத்த நாள் காலை விளம்பர மின்னஞ்சலும் பெறுவார்கள்.

நடைமுறையில் நான் பார்த்ததில் வேலை செய்யும் வழி: நீக்கியவர்களின் உள் எண்களை மட்டும் தரவுத்தளத்துக்கு வெளியே ஒரு சிறு பட்டியலாக வைப்பது, எந்த மீட்புக்குப் பிறகும் செயலிகளைத் திறந்துவிடுமுன் அந்தப் பட்டியலை ஓட்டுவது. பட்டியல் தரவுத்தளத்துக்குள்ளேயே இருந்தால் அதுவும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது சட்டப் பிரிவுக்காரர் மட்டும் சிரித்தார்.

மார்ச் 7, மாலை 7.10

எத்தனை நாள் என்று நேரடியாகக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் பொருந்தும் எண் கிடையாது, ஆனால் கணக்கிடும் வழி உண்டு. உங்கள் தரவை ஒரு மனிதர் உட்கார்ந்து, கண்ணால் பார்த்து, சரிபார்க்கும் சந்தர்ப்பங்கள் எவை? மாதக் கணக்கா, காலாண்டா, ஆண்டுத் தணிக்கையா? இரண்டு சரிபார்ப்புகளுக்கு இடையிலுள்ள மிக நீண்ட இடைவெளியை எடுங்கள். தவறைக் கண்டுபிடித்தபின் எங்கே தொடங்கியது என்று துழாவ ஒரு மாதம் சேருங்கள். காலாண்டு என்றால் நான்கு மாதத்துக்குக் குறையாமல் வரும். சட்டமோ ஒப்பந்தமோ அதற்கு மேல் வைக்கச் சொன்னால் மேலே போங்கள், நீக்கச் சொன்னால் கீழே வாருங்கள்.

அத்தனை நாளும் தினசரிப் பேக்கப் தேவையில்லை. அண்மையில் அடர்த்தியாக, பழையதில் அரிதாக: தினசரி சில வாரம், வாராந்திரம் சில மாதம், மாதாந்திரம் அதற்கு மேல். மகன், அப்பா, தாத்தா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் குழுவில் எப்போதும் தாத்தாவைத்தான் முதலில் நீக்கச் சொல்வார்கள், பாவம்.

மார்ச் 7, மாலை 7.25

அழிக்கவே முடியாத பூட்டு பற்றி: எஸ்3யில் பொருள் பூட்டு என்ற வசதி உண்டு, இரண்டு நிலைகளில். மென்மையான நிலையில் தனி அனுமதி உள்ளவர் நீக்கலாம். கடுமையான நிலையில் கணக்கின் உரிமையாளராலும் காலம் முடியும்வரை அந்தப் பிரதியை நீக்க முடியாது. மிரட்டல் வைரஸுக்கு எதிராக இதுதான் உறுதியான தடுப்பு. அதே உறுதி உங்களுக்கு எதிராகவும் நிற்கும். சோதனைக்காக ஏழு வருடம் என்று போட்டுவிட்டால் ஏழு வருடமும் வாடகை கட்ட வேண்டும். முதலில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள்.

மார்ச் 9, இரவு 10.20

கடைசியாக வந்த கேள்வி: "மாதாந்திர டம்ப்பை வேறு கணக்கில் வைக்கத் தொடங்கிவிட்டோம். செலவை ஈடுகட்ட 35ஐ 7 ஆக்கலாமா?"

முதலில் செலவு எவ்வளவு குறையும் என்று பாருங்கள். ஆர்டிஎஸ்ஸில் ஒரு மண்டலத்திலுள்ள உங்கள் தரவுத்தளங்களின் மொத்த வட்டளவு வரை பேக்கப் இடத்துக்குக் கட்டணமில்லை. ஸ்னாப்ஷாட்டுகள் மாறிய பகுதியை மட்டுமே சேமிப்பவை. பழைய ஒன்றை நீக்கினாலும் மற்றவை சார்ந்திருக்கும் பகுதிகள் அப்படியே இருக்கும். தரவு அதிகம் மாறாத தரவுத்தளம் என்றால் 28 நாளைக் குறைத்தும் பில் அசையாமல் போகலாம்.

குறைத்தே ஆக வேண்டுமென்றால் நான் 14க்குக் கீழே இறங்க மாட்டேன். நீண்ட விடுமுறைக்கு முன் நடந்த தவறு, எல்லோரும் திரும்பி வந்து மூச்சு விட்டபின்தான் தெரியவரும். மாற்றுமுன் கையால் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள், எல்லைக்கு வெளியே போகும் நாட்கள் பிறகு திரும்பி வாரா. எண்ணை மாற்றும்போது பெட்டியில் தவறிக்கூட 0 விழுந்துவிடக் கூடாது. இருக்கும் தானியங்கி பேக்கப்புகள் அனைத்தும் நீங்கும், மீண்டும் எண்ணை ஏற்றும்போது தரவுத்தளம் சற்று நேரம் நிற்கவும் செய்யும். எடுத்த ஸ்னாப்ஷாட்டின் பெயரில் தேதியையும் காரணத்தையும் எப்போது நீக்கலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.